பேய் இல்லாத விடுதி

மட்டக்களப்பில் இராத் தங்கினால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் சொல்வார்கள். உத்தியோகம் மாறி இங்கே வந்த எழுதுவினைஞரும் வாத்தியாரும் ஊர் திரும்பாமல் இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டதற்கு அவர்களுடைய தாய்மார் கண்டுபிடித்த காரணம் அது. மந்திரித்த பாயில் குந்தியவன் எழும்ப மாட்டானாம். எங்கள் எருமைத் தயிரையும் எங்கள் பெண்பிள்ளைகளையும் கணக்கில் எடுக்காத காரணம்தான். ஆனாலும் அந்தப் பழியில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. இரவு தங்குவதே ஆபத்து என்று பேரெடுக்க எல்லா ஊராலும் முடியுமா?

ரொறன்ரோவிலிருந்து வந்த என் அக்காவின் மகனுக்கு இந்தப் பாய்க்கதை தெரியாது. அவனுக்குத் தெரிந்தவை பேய் விடுதிகள். விடுமுறை கிடைத்தால், பேய் உலவுவதாகப் பேர்பெற்ற பழைய விடுதியாகத் தேடிப் பிடித்து ஓர் இரவு தங்குவது அவனுடைய பொழுதுபோக்கு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1909இல் திறந்த ஸ்டான்லி விடுதிக்கும் போயிருக்கிறான். 1974இல் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் மனைவியோடு அங்கே 217ஆம் இலக்க அறையில் ஓர் இரவு தங்கினார். பருவம் முடிந்து விடுதியை மூடப்போகும் நேரம். நீண்ட நடைவழிகளில் ஆளரவமே இல்லை. 1977இல் வந்த ‘த ஷைனிங்’ நாவல் அந்த இரவில் கருக்கொண்டது. இப்போது அந்த அறைக்குத் தனிக் கிராக்கி. காசு கட்டினால் வழிகாட்டி ஒருவர் இரவில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டிப் பேய்க்கதை சொல்வார்.

217ஆம் அறையின் பேய் எலிசபெத் வில்சன் என்ற பணிப்பெண். 1911இல் அந்த அறையில் வாயு கசிந்து நின்றது தெரியாமல் விளக்கேற்றப் போனார். வெடித்து, தளம் உடைந்து கீழே விழுந்தார். கால் முறிந்ததே தவிர, சாகவில்லை. குணமாகித் திரும்ப வேலைக்கும் வந்தார். வேறு காலத்தில் செத்துப்போனவர், செத்த பிறகும் அதே அறைக்கு வந்து, தங்குபவர்களின் பெட்டியைத் திறந்து உடுப்புகளை மடித்து வைக்கிறாராம். மருமகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கு அந்தப் பெண்ணை நினைக்கத்தான் பாவமாக இருந்தது. சாவுகூட அவரை வேலையிலிருந்து விடுவிக்கவில்லை.

இந்தியாவிலும் இப்படி ஒன்று உண்டு. இமயமலைச் சாரலில் முசூரியில் உள்ள சவோய் விடுதி. 1911இல் பிரான்செஸ் கார்னெட் ஓர்ம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அங்கே நஞ்சால் இறந்து கிடந்தார். ஆவிகளோடு பேசுவதில் நம்பிக்கை உள்ளவர். கூடத் தங்கியிருந்த தோழியின் மீது வழக்கு நடந்து, அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானது. கொன்றது யார் என்பது அதோடு நின்றுவிட்டது. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கு இந்தச் சாவுதான் தூண்டுதல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அம்மையார் இன்னும் தன்னைக் கொன்றவரைத் தேடி நடைவழியில் உலவுகிறார் என்பது விடுதியைச் சுற்றி வளர்ந்த கதை.

“இங்க அப்பிடி ஒண்டும் இல்லையா, மாமா?” என்று கேட்டான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. பேய் வந்து குடியேற எங்களிடம் இடம் இல்லாமல் இல்லை. புளியந்தீவில் வாவியின் கரையில் நிற்கும் கோட்டை போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது; 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள்; பிறகு ஆங்கிலேயர். முற்றுகை, பீரங்கி, நோயில் செத்த சிப்பாய்கள் எல்லாம் நடந்த இடம். ஐரோப்பாவில் என்றால் அந்த மதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் கவுண் அணிந்த சீமாட்டியை நியமித்திருப்பார்கள். நாங்கள் அதற்குள் கச்சேரியை வைத்தோம். பத்தாண்டு பத்தாண்டாகக் காணி உறுதிக்கும் கொடுப்பனவுக்கும் கோப்போடு வந்து நின்ற சனத்தின் நெருக்கடியில், பேய் வந்திருந்தாலும் எழுதுவினைஞரிடம் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கிழமை வாருங்கள் என்ற பதிலோடு திரும்பியிருக்கும்.

அவனுக்காக வாவிக்கரையில் ஒரு பழைய கல்வீட்டில் அறை எடுத்தேன். இப்போது விடுதியாக ஆக்கியிருக்கிறார்கள். உயர்ந்த கூரை, ஓடு, அகலமான விறாந்தை, தேக்குக் கதவு. பேய்க்கதைக்கு வேண்டிய தளபாடம் எல்லாம் இருந்தது. வாசலில் இருந்த வயதான காவற்காரரிடம் மருமகன் தன் கனடாத் தமிழில், இங்கே பேய் இருக்கிறதா என்று கேட்டான்.

“பேயா? இஞ்ச என்ன பேய், மனே. கேம்ப் இரிந்த வீடு” என்றார்.

மருமகன் மீதிக் கதைக்காக நின்றான். மீதி வரவில்லை. யாருடைய கேம்ப், எந்த வருஷம், உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் பலருடைய கேம்ப்புகள் பல வீடுகளில் இருந்தன. அந்தச் சொல் ஒன்றே இங்கே முழுக்கதை. அதற்கு மேல் சொல்பவரும் கேட்பவரும் இல்லாமல் அது முடிந்துவிடும்.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பகல் வெயிலில் சூடேறிய ஓடும் மரமும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது முறியும் சத்தங்கள் கேட்டன. புது இடத்தில் முதல் இரவு நன்றாகத் தூங்க முடியாமல் போவதற்கு ஒரு காரணத்தை அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். அன்றிரவு மூளையின் இடப்பாதி வலப்பாதியின் அளவுக்கு ஆழமாக உறங்குவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் விழிக்கத் தயாராக, காவல் இருப்பதுபோல் இருக்கிறது. இரண்டாவது இரவிலிருந்து அது தளர்ந்துவிடும். பழைய விடுதிகளில் பேய் கண்டவர்கள் பெரும்பாலும் ஓரிரவு தங்கியவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் பேய்களின் பாதிச் சோலி முடிந்தது. மீதிப் பாதிக்கு விக் டாண்டி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இருக்கிறார். ஆய்வுகூடத்தில் கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் ஒன்றைக் கண்டு உடம்பு சிலிர்த்தவர், மறுநாள் தேடிப் பார்த்தார். புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று, காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வை அறைக்குள் நிரப்பிக்கொண்டிருந்தது. காற்றாடியைத் திருத்தியதும் பேய் போய்விட்டது. 1998இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார்.

பிரவுண் பல்கலைக்கழகத்தார் எங்களிடம் வந்திருந்தால் வேறொரு முடிவும் கிடைத்திருக்கும். யுத்த காலத்தில், சொந்த வீட்டில், சொந்தப் பாயில், வருஷக்கணக்காக அந்த முதல் இரவையே திரும்பத் திரும்பப் படுத்த சனம் நாங்கள். நாய் குரைத்தால் விளக்கை அணைப்போம். தெருவில் வாகனம் மெதுவானால் மூச்சை அடக்குவோம். அது அடுத்த வீட்டுக்குப் போனது என்று தெரிந்ததும் வரும் ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சிறுவயதில் எனக்குப் பேய்ப் பயம் நிறைய. இந்தப் பகுதியில் பேய்களுக்குக் குறைவில்லை. பிள்ளைப்பெற்ற வீட்டைச் சுற்றி வரும் கொத்தி, உச்சி வெயிலில் சந்தியில் நிற்கும் முனி, மோகினி, இரத்தக் காட்டேரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு நேரம், ஒரு பிடிவாதம். பேயோட்டும் கட்டாடியார் வந்தால் அது கேட்பதைக் கொடுத்து அனுப்புவார். ஒன்று கவனியுங்கள்: இவை பெரும்பாலும் மரத்திலும் சந்தியிலும் சுடலையிலும் வாழ்பவை. வீட்டுக்குள் செத்தவர் வீட்டுக்குள்ளேயே பேயாக நிற்பது எங்கள் கதைகளில் குறைவு. செத்தவருக்கு எட்டு உண்டு, முப்பத்தொன்று உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. அவருக்குப் பிடித்த பலகாரத்தைச் சுட்டுப் படைக்கிறோம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளத்தில் ஊரே இறங்குகிறது. தகப்பனை இழந்தவர்கள் எல்லாரும் ஒரே தண்ணீரில் முழுகி எழும்புகிறார்கள். இவ்வளவு கவனிப்புக்குப் பிறகு ஒருவர் நடைவழியில் அலைய வேண்டிய தேவை என்ன? ஸ்டான்லி விடுதியில் பெட்டி அடுக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒருவர் வருஷத்துக்கு ஒரு படையல் வைத்திருந்தால் போதும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் ஒரு புளியமரம் நின்றது. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போவதென்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 1990இல் நாங்கள் சில பொடியன்கள் இரவுகளை அந்தப் புளியமரத்தடியில் கழித்தோம். வீட்டுக்குள் இருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். மரத்தடிக்கு யாரும் வரமாட்டார்கள். எங்கள் பயத்தை எல்லாம் மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள். முனிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வருஷத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் எந்தக் கட்டடத்தையும் பற்றி எழுத முடியாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுடப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி, அடைக்கலம் தேடி வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கியிருந்த தமிழர்களில் 158 பேர் கூட்டிச்செல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் குழந்தைகள் உட்பட 180க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பேய்களுக்கு உரிமை கோரக்கூடிய இடம் உலகத்தில் உண்டென்றால் இவை தாம். ஆனால் காத்தான்குடியில், தோட்டா துளைத்த சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, அதே பள்ளியில் ஐந்து நேரமும் தொழுகிறார்கள். வந்தாறுமூலையில் விரிவுரை நடக்கிறது, பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அங்கே இரவில் வெள்ளை உருவம் நடக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஏன் சொல்வதில்லை என்பதுதான் அந்த விடுதிக் கட்டிலில் படுத்துக்கிடந்தபோது என்னைப் பிடித்த கேள்வி. பயமா, மரியாதையா? இரண்டும் இருக்கலாம். ஆனால் எனக்குப் படுவது வேறு. ஒருவரைப் பேயாக்குவதற்கு முதலில் அவர் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் அதைத்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மகனுக்கு முப்பத்தொன்றும் செய்யவில்லை, திவசமும் கொடுக்கவில்லை. செய்தால் அவனை நானே கொன்ற மாதிரி என்கிறார். நெற்றியில் பொட்டோடு முப்பது வருஷம் தாண்டிய மனைவிமார் இருக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் கடைசியில் இது விளங்கியது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று எழுதாமல் ஆள் இல்லை என்று மட்டும் எழுதும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காணிப் பிரச்சினைக்கும் வங்கிக் கணக்குக்கும் அது உதவும். மகன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்விக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை.

அந்த அம்மாவிடம் போய், உங்கள் மகனின் ஆவி இந்த விடுதியில் உலவுகிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? அலறமாட்டார். எத்தனையாம் இலக்க அறை என்று கேட்பார்.

வெள்ளைக்காரராக இருந்தால் கதை பிறந்திருக்குமோ என்றும் யோசித்துப் பார்த்தேன். அதற்கும் இங்கே ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கி, தொழிற்பயிற்சி நிலையம் நடத்திய இயேசு சபைக் குரு யூஜின் ஹேபியர் அடிகளார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓர் இளைஞரோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். ஏறாவூர்ப் பக்கத்துக்கு அப்பால் இருவரும் வந்து சேரவில்லை. உடலும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. முசூரிக் கதைக்கு வேண்டியவை எல்லாம் இதிலும் இருக்கின்றன: வெளிநாட்டவர், மர்மம், தண்டனை பெறாத குற்றம். ஆனாலும் அவர் எங்களுக்குப் பேயாகவில்லை. பழைய மாணவர்கள் அவரை இன்னும் மைதானத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். எப்படி ஓடவிடுவார், எதற்கு ஏசுவார் என்று. நினைக்க ஆள் இருக்கும்வரை ஒருவர் பேயாவதில்லை போலும்.

வாவிக்கும் இதே குணம்தான் இருந்தது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்தத் தண்ணீரிலிருந்து, நிலாக் காலத்தில், கல்லடிப் பாலத்தடியில் ஓர் ஓசை எழும். தோணியை நிறுத்தி, சவளை தண்ணீருக்குள் விட்டு, அதன் மேல்நுனியில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கும் என்பார்கள். 1848இல் எமர்சன் டெனண்ட் என்ற பிரித்தானிய அதிகாரி படகில் போய்க் கேட்டு எழுதிவைத்தார். மீனவர்கள் அவரிடம் அது ஊரியின் சத்தம் என்றார்கள். பின்னாளில் லாங் என்ற அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். இருட்டுத் தண்ணீருக்கு அடியிலிருந்து மூலம் தெரியாத ஓசை: இதைவிடச் சுலபமாகப் பேய்க்கதை ஆகக்கூடியது எது? ஆனால் ஊர் அதைப் பாடும் மீன் என்றது. விபுலானந்த அடிகள் 1947இல் அரங்கேறிய யாழ்நூலில் அதை நீரரமகளிர் பாட்டாக்கினார். அதே வாவியில்தான் பிறகு பிணங்கள் மிதந்தன. 2004 டிசெம்பர்ச் சுனாமியில் கடல் நாவலடிக் கிராமத்தை வழித்துக்கொண்டு போனபின் கொஞ்சக் காலம் மீன் வாங்க ஆளில்லை. எது எதைத் தின்றதோ என்ற அச்சம். அப்போதும் ஊர் வாவிக்குப் பேய்ப்பட்டம் கட்டவில்லை. சனம் மெல்லத் திரும்ப மீன் வாங்கியது. வேறு கறி ஏது?

மருமகனுடைய பொழுதுபோக்கை நான் குறைசொல்ல வரவில்லை. பேய்க்கதை நல்ல சாமான். ஆச்சியின் மடியில் அதைக் கேட்டு நடுங்காத தமிழ்ப்பிள்ளை வளர்ந்ததாகவே கணக்கில்லை. ஆபத்து இல்லாத இடத்தில் ஆபத்தை நடித்துப் பார்ப்பது ஒரு சுகம். அந்தச் சுகத்துக்கு ஊரில் நிம்மதி வேண்டும், சாவுகள் தீர்ந்துபோன சாவுகளாக இருக்கவேண்டும். நூறு வருஷத்துக்கு முந்திய அம்மையாருக்காக அழ இன்று யாரும் இல்லை. அதனால்தான் அவர் அறைக்கு விலை வைக்க முடிகிறது.

எனக்கு இதில் உறைப்பது ஒன்று உண்டு. பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழும்பிவிட்டன. உல்லாசப் பயணிகளுக்குக் காட்ட இன்னும் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள். ஐம்பது வருஷம் போனால் யாராவது ஒருவர் அந்தக் கேம்ப் வீட்டுக்கும் இரவு நடை ஏற்பாடு செய்யலாம். கையில் லாந்தரோடு ஒரு வழிகாட்டி நின்று கதை சொல்லலாம். உண்மை வெளிவந்து, நீதி கிடைத்து, துக்கம் ஆறிய பிறகு அது நடந்தால் நடக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடக்கப்போவது அப்படி அல்ல. காணாமலாக்கப்பட்டோருக்கான போராட்டங்களில் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். மிச்சம் இருப்பவர்களும் கிழவிகள். கடைசியாகக் கேட்கும் தாயும் கண்ணை மூடிய பிறகு, பதில் சொல்ல வேண்டிய கடமை எல்லாருக்கும் தீர்ந்துபோகும். பேய்க்கதை அப்போது தொடங்கும். விடைக்குப் பதிலாக அது வந்து உட்காரும். சுவாரசியமாகவும் இருக்கும்.

விடியப்புறம் மருமகனிடம் இதில் கொஞ்சம் சொன்னேன். விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான். கோபப்படவில்லை, தலையாட்டவும் இல்லை. “அப்ப எலிசபெத் வில்சனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாதானே” என்றான். அதை நான் யோசித்திருக்கவில்லை. பிறகு காவற்காரரிடம் போய் நீண்ட நேரம் பேசிக்கொண்டு நின்றான். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

மலைநாட்டில் ஒரு பழைய விடுதியில் அவன் முன்னமே அறை பதிந்திருந்தான். துரைமார் காலத்துக் கட்டடம், மாடிப்படியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்குமாம். போகாமல் விட்டுவிடுவானோ என்று நினைத்தேன், போனான். மறுநாள் காலை தொலைபேசியில் கூப்பிட்டான். பாதை எப்படி, குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒன்றையும் நான் விசாரிக்கவில்லை. வாய் திறந்து முதலில் கேட்டது, “வந்ததா?” என்றுதான்.